காவி நிறப் பரீட்சை அட்டையில் ஒரு சிக்குக் கோலம்: ஸ்டேஷனரிப் பொருட்களைப் பரிசாக்குவது எப்படி

எந்த ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிற பழுப்பு நிற ஹார்ட்போர்டு பேட், காவி பூசிய வாசல் மாதிரியே இருக்கும். அந்த நிறத்தின் மேல் வெள்ளைக் கோடு எடுப்பது போல வேறெதிலும் எடுக்காது. ஆனாலும் பேட் அலங்காரம் என்றாலே முதலில் அதன்மேல் கிஃப்ட் பேப்பரை ஒட்டி அந்த நிறத்தை மறைத்துவிடுகிறோம்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க, ஆசிரியர் தினத்துக்கு, அலுவலகத்தில் பணி ஓய்வு பெறுகிறவருக்கு என்று கையால் செய்த பரிசு தேவைப்படும் சமயம் நிறைய உண்டு. பேட், பைண்டர் கிளிப், பென்சில், நோட்டு இதற்கெல்லாம் அருமையான பொருட்கள். வாங்கியவர் தினமும் தொடுவார். அதனாலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அலங்கரித்த பிறகும் பேட்டில் எழுத வேண்டும், கிளிப் பிடிக்க வேண்டும், பென்சிலைச் சீவ வேண்டும். முத்தும் கண்ணாடியும் ஒட்டிய பேட் பார்க்க அழகாக இருக்கலாம். பேப்பரை வைத்து எழுதினால் பேனா குதிக்கும். அது ஒரே வாரத்தில் பரணுக்குப் போய்விடும். ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும், அதில் வேலை நடக்கிற இடம் எது என்று முதலில் பாருங்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தில் கைவண்ணத்தைக் காட்டுங்கள்.

பேட்டில் கோலம்

கோலம் போட ஏற்றது சமையலறைச் சுவரில் மாட்டுகிற பேட். மளிகைச் சீட்டு, பால் கணக்கு போன்ற சின்னத் துண்டுகள்தான் அதில் நிற்கும். கீழே இடம் காலியாக இருக்கும். 35 × 25 செ.மீ. வாக்கில் உள்ள பேட்டாக வாங்குங்கள். படம் அச்சடித்ததும், மேலே பளபளவென்று ஷீட் ஒட்டியதும் வேண்டாம். வெறும் ஹார்ட்போர்டாக இருக்க வேண்டும். அதன் முன்பக்கம் வழவழப்பாகவும் பின்பக்கம் வலை பதிந்தது போலவும் இருக்கும். வாங்கும்போதே கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் சாய்த்து அடுக்கி வைத்தவை பெரும்பாலும் வளைந்திருக்கும். பிறகு நிமிர்த்துவது நடக்காத காரியம்.

ஹார்ட்போர்டு என்பது மரநாரை அழுத்திச் செய்தது. ஈரம் பட்டால் உறிஞ்சும், மேலே நார் சிலிர்த்துக்கொள்ளும். நேராகப் பெயின்ட் மார்க்கரை வைத்தால் கோட்டின் ஓரம் பிசிறு தட்டும், வெள்ளை மங்கிப் போகும். எனவே முதலில் 320-ஆம் நம்பர் உப்புத்தாளால் அழுத்தாமல் ஒரு தடவை தேய்த்து, தூசியைத் துடைத்து, மேட் வகை அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே ஒரு கோட் அடியுங்கள். 25 செ.மீ. தள்ளி நின்று, பேட்டின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். பேட்டின் மேலேயே தொடங்கினால் அந்த இடத்தில் சொட்டு விழும். ஒரு மணி நேரம் காயட்டும். பளபளப்பு தரும் கிளாஸ் (gloss) வகை ஸ்ப்ரே வேண்டாம். காவியின் மண் தன்மை போய் பிளாஸ்டிக் போல ஆகிவிடும்.

கோலத்துக்கு 7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி எடுத்துக்கொள்ளலாம். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று மொத்தம் 25 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி 2.5 செ.மீ. வைத்தால் ஏழு புள்ளி வரிசை 15 செ.மீ. வரும். சுற்றுக்கோடு இரண்டு பக்கமும் அரை இடைவெளி வெளியே போகும் என்பதால் கோலத்தின் முழு அகலம் 17.5 செ.மீ. 25 செ.மீ. அட்டையில் இரு பக்கமும் 3.75 செ.மீ. மிஞ்சும். நடுப்புள்ளியை அடி விளிம்பிலிருந்து 12.5 செ.மீ., பக்கவாட்டிலிருந்தும் 12.5 செ.மீ. என்று வைத்தால் மூன்று பக்கமும் ஒரே அளவு ஓரம் கிடைக்கும். மேலே கிளிப்புக்கும் சீட்டுக்குமாக 13 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் இருக்கும்.

புள்ளியைக் குறிக்கச் சாதாரணப் பென்சிலை எடுக்காதீர்கள். அதன் கரி வெள்ளைப் பெயின்டில் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும், காய்ந்தபின் அழிக்கவும் முடியாது. சாக்பீஸைக் கூராகச் சீவிக் குறியுங்கள். கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும். அக்ரிலிக் பெயின்ட் மார்க்கரில் கோட்டுக்கு 2.5 மி.மீ. முனை, புள்ளிக்கு அதைவிடக் கொஞ்சம் தடித்தது. நன்றாகக் குலுக்கி, ஒரு பழைய தாளில் நாலு கோடு போட்டு மை சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு அட்டைக்கு வாருங்கள். முதல் கோடு எப்போதும் நீர்த்துத்தான் வரும்.

வாசலில் மாவால் போடும்போது கோடு கோட்டைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் ஆகாது. மார்க்கரில் அப்படியில்லை. ஈரமான கோட்டைக் குறுக்கே வெட்டினால் முனை அந்தப் பெயின்டை இழுத்துக்கொண்டு போய்ச் சந்திப்பில் ஒரு கட்டியை உண்டாக்கும். சிக்குக் கோலத்தில் சந்திப்புகள் எல்லாம் இரண்டு புள்ளிகளுக்குச் சரிபாதியில் வருகின்றன. அந்த இடங்களில்தான் கண் போய் நிற்கும். ஆகவே ஒரே இழுப்பில் போட்டு முடிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு திசையில் சாய்ந்து போகும் கோடுகளை எல்லாம் முதலில் போட்டு, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு எதிர்த்திசைக் கோடுகள், கடைசியில் ஓர வளைவுகள். வளைவு வரும்போது கையைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள். வளைவுகள் ஒன்றுபோல அமைவது அதனால்தான். கால் மணி நேரம் கழித்து அதே தடத்தில் இரண்டாவது தடவை போட்டால் வெள்ளை பளிச்சென்று எழும்.

தப்பு நேர்ந்தால் ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காதுக்குச்சியால் உருட்டி எடுக்கலாம். ஆரம்பத்தில் அடித்த கிளியர் கோட் இதற்கும் உதவும்; அது இல்லாவிட்டால் வெள்ளை நாருக்குள் இறங்கிக் கறையாகவே நின்றுவிடும். முழுவதும் முடித்து ஒரு நாள் காய்ந்தபின் கிளியர் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு கோட். ஸ்பிரிட் கலந்த மார்க்கர் வாங்கியிருந்தால் ஸ்ப்ரே பட்டதும் கோடு கரைந்து ஓடலாம். அட்டையின் பின்பக்கம் ஒரு மூலையில் கோடு போட்டுச் சோதித்துவிட்டு அடியுங்கள்.

எழுதுகிற பேட்டுக்குத் துணி

இது வேறு கதை. ஆசிரியருக்கோ மாணவருக்கோ கொடுக்கிற பேட்டில் முன்பக்கம் எழுதும் இடம். அதில் கோலக் கோடுகூட வேண்டாம். ஒற்றைத் தாளை வைத்து எழுதினால் பெயின்டின் மேடு பேனாவில் தட்டுப்படும். அலங்காரம் பின்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் போகட்டும். கணக்கு எளிது. பேட்டின் அகலம் 25 செ.மீ., ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. தாளை நடுவில் வைத்தால் இரு பக்கமும் 2 செ.மீ. மிஞ்சும். பின்பக்கம் ஒட்டுகிற துணியை முன்பக்கம் 1.5 செ.மீ. மடித்து ஒட்டினால் அது தாளுக்கு அடியில் வராது. துணியை 38.5 × 28.5 செ.மீ. என வெட்டிக்கொள்ளுங்கள், இரு பக்க மடிப்புக்கு 3 செ.மீ., அட்டைத் தடிமனைச் சுற்றி வருவதற்கு மீதி அரை செ.மீ.

துணியில் எங்கள் முதல் தேர்வு மதுரைச் சுங்குடி. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதால் வரும் அந்தப் பொட்டுகள் சின்னப் பரப்பிலும் எடுப்பாகத் தெரியும். பெரிய பூ அச்சிட்ட துணி பேட் அளவுக்கு வெட்டினால் பாதிப் பூவாக நிற்கும். புதுச் சுங்குடி சாயம் விடக்கூடும். கைப்பிடி கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காயவைத்து, வெள்ளைத் துணியை ஈரமாக்கி அதன்மேல் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்றால் மட்டும் பயன்படுத்துங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் பசையின் ஈரத்திலேயே சாயம் இறங்கும். பிறகு வேர்வைக் கையோடு பேட்டைப் பிடித்து எழுதுகிறவரின் வெள்ளைச் சட்டைக்கும் போகும்.

மெல்லிய துணியின் பெரிய தொல்லை, பசை மறுபக்கம் ஊறி வெளியே தெரிவது. காய்ந்ததும் அந்த இடம் எண்ணெய் பட்டது போலக் கறுத்துப் பளபளக்கும். அதை எடுக்க வழியே இல்லை. தடுக்கத்தான் முடியும். துணியின் பின்புறம் முதலில் ஒரு மெல்லிய தாளை மைதாப் பசையால் ஒட்டிக்கொள்வது பைண்டிங் வேலையில் பழைய வழக்கம். 3 டேபிள்ஸ்பூன் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 200 மி.லி. தண்ணீர் வருமாறு சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். முழுக்க ஆறியபின் பூச வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பைண்டிங் பட்டறைகளில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு; அது விஷம், வீட்டில், அதுவும் குழந்தைகள் கைக்குப் போகிற பொருளில் வேண்டவே வேண்டாம். அன்றைக்குத் தேவையான அளவு காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். அடுத்த நாள் புளித்துவிடும்.

துணியை மேசையில் நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, ஈரக் கையால் சுருக்கம் நீக்கி, பசையைத் தாளில் பூசி, தாளைத் துணி மேல் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தேயுங்கள். பசையைத் துணியில் பூசினால் துணி இழுபட்டுச் சுங்குடிப் பொட்டெல்லாம் கோணலாகிவிடும். காய்ந்தபின் இந்தத் துணி அட்டை போல விறைப்பாக நிற்கும். கட்டரால் நேராக வெட்டலாம், ஓரம் பிரியாது.

இனி பேட்டோடு ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, 4 பங்குக்கு 1 பங்கு தண்ணீர். இந்த முறையும் பசை பேட்டின் பின்பக்கத்துக்குத்தான், துணிக்கு அல்ல. 2 அங்குலப் பிரஷால் மெல்லிசாக, ஒரு மூலையும் விடாமல் பூசுங்கள். கிளிப்பைப் பிடித்திருக்கிற இரண்டு ரிவெட்டின் தலைகள் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். துணி முதலில் தேய்ந்து கிழிவது அந்த இடத்தில்தான். தலையின் கூர்மையை உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, அதன்மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் துணி வட்டம் ஒன்றை முன்கூட்டியே ஒட்டிக் காயவையுங்கள்.

மூலைகளில்தான் கைத்திறன் தெரியும். துணியின் நான்கு மூலைகளையும் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். ஆனால் வெட்டு, அட்டையின் மூலையை ஒட்டிப் போகக் கூடாது. 3 மி.மீ. அட்டைக்கு மூலையிலிருந்து 4 முதல் 5 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் மடித்ததும் மூலையில் அட்டை எட்டிப்பார்க்கும். அதிகம் தள்ளினால் துணி குவிந்து முடிச்சு மாதிரி நிற்கும். முதலில் நீளப் பக்கங்களை மடித்து ஒட்டி, மூலையில் துருத்துகிற சின்னத் துணிக் காதை நகத்தால் உள்ளே அழுத்தி, பிறகு அகலப் பக்கங்களை மடியுங்கள். மேல் பக்கம் கிளிப் தடுக்கும். கிளிப்பின் அடித்தகட்டு அகலத்தைவிட 2 மி.மீ. கூடுதலாக அந்த இடத்தில் துணியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய ஓரத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் தகட்டின் ஓரத்துக்குள் தள்ளிவிட்டால் சுத்தமாக முடியும்.

ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டிய அட்டை காயும்போது துணிப்பக்கம் இழுத்து வளையும். இது ஈரத்தின் வேலை: நனைந்து விரிந்த துணியும் தாளும் காயும்போது சுருங்குகின்றன, பேட்டையும் சேர்த்து இழுக்கின்றன. கீழும் மேலும் பட்டர் பேப்பர் வைத்து, சமமான பலகையில், கனமான புத்தகங்களை ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள். கிளிப் பகுதி பலகைக்கு வெளியே தொங்குமாறு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கிளிப்பின் மேடு பாரத்தைச் சாய்த்துவிடும்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கென்றால் எழுத்தோ எண்ணோ சூத்திரமோ இல்லாத துணியாகப் பாருங்கள், துணி சுற்றிய பேட்டைப் பரீட்சை அறைக்குள் விடுவார்களா என்றும் பள்ளியில் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பைண்டர் கிளிப்

அமெரிக்காவில் லூயி பால்ட்ஸ்லி என்பவர் 1915-ல் காப்புரிமை பெற்ற பொருள் இது. நூறு ஆண்டு தாண்டியும் அடிப்படை வடிவம் மாறவில்லை. வில் போன்ற எஃகுத் தகடு ஒன்று, கம்பிக் கைப்பிடிகள் இரண்டு, அவ்வளவுதான். கைப்பிடியின் இரண்டு கால்களையும் விரலால் உள்பக்கம் அழுத்தினால் தகட்டின் சுருளிலிருந்து கழன்று வரும். அலங்கரிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. கழற்றி வைத்துவிட்டுத் தகட்டில் மட்டும் நிம்மதியாக வேலை செய்யலாம்.

பெயின்ட் அடிக்காதீர்கள். தகடு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வளைகிறது. அதன்மேல் உள்ள பெயின்ட் அந்த வளைவைத் தாங்காமல் முதுகு மடிப்பில் விரிசல் விட்டு உதிரும். உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, எல்லாம் செய்தாலும் தினமும் பயன்படுத்துகிற கிளிப்பில் அது நிற்பதில்லை. ஒட்டுகிற அலங்காரம்தான் சரி.

வாஷி டேப் பலருக்கும் முதலில் தோன்றும். ஜப்பானின் குராஷிகியில் 1923-ல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கிய கமோய் ககோஷி நிறுவனம், பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பிலிருந்து அலங்கார டேப்பை உருவாக்கி 2008 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறந்த இடம் மாஸ்கிங் டேப் என்பதால் உரித்தால் சுத்தமாக வர வேண்டும் என்பதே அதன் குணம். கிளிப்பில் வெறுமனே ஒட்டினால் ஓரம் எழும்பிக்கொள்வதற்குக் காரணமும் அதுவே. தகட்டை முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு டேப்பை ஒட்டி, ஓரங்களில் மட்டும் வெள்ளைப் பசையை மெல்லிய பிரஷால் கோடு போல இழுத்துவிடுங்கள்.

இதைவிட அழகு, சேலை பார்டரின் துண்டு. 32 மி.மீ. கிளிப்புக்கு மெல்லிய ஜரிகைக் கரை கச்சிதமாகப் பொருந்தும். அளவை ஸ்கேலில் எடுக்க முயல வேண்டாம். ஒரு தாள் துண்டைத் தகட்டின் ஒரு சுருளிலிருந்து முதுகைச் சுற்றி மறு சுருள் வரை அணைத்துப் பிடித்து நகத்தால் கோடிட்டு, இரு முனையிலும் 2 மி.மீ. குறைத்தால் அதுதான் அச்சு. சுருளுக்குள் துணி போனால் கைப்பிடி திரும்பாது, கிளிப் திறக்காது. கரையின் பின்னால் தாள் ஒட்டிக் காயவைத்து, பிறகு அச்சுப்படி வெட்டி, வெள்ளைப் பசையால் ஒட்டி, நூலால் இறுகச் சுற்றி மூன்று மணி நேரம் விடுங்கள். பழைய பட்டுச்சேலையில் கத்தரி வைக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அசல் ஜரிகை வெள்ளி இழையில் பொன்முலாம் பூசியது. அந்தச் சேலைக்கு இன்றும் விலை உண்டு.

துணிக்கு ஃபெவிகுவிக் வகைப் பசையைத் தொடவே கூடாது. பருத்தியில் பட்டதும் சட்டென்று சூடேறிப் புகைகூட வரும், விரல் சுட்டுவிடும். இறுகியபின் துணி கண்ணாடிச் சில்லு மாதிரி விறைத்து வெள்ளைப் படலமும் கட்டும். டிராயிங் பின்னின் தலையில் சட்டைப் பித்தான் ஒட்டுவது போன்ற வேலைக்கும் அது சரிவராது, பின்னைக் குத்துகிற அதிர்ச்சியில் விட்டுவிடும். அதற்கு அரால்டைட்டில் இரண்டு ட்யூபையும் சம அளவு கலந்து, ஒரு தெர்மாகோல் துண்டில் பின்களைக் குத்தி நிறுத்தி, தலையில் கடுகளவு வைத்துப் பித்தானை அமர்த்தி ஒரு ராத்திரி விட்டால் போதும்.

பென்சிலும் நோட்டும்

பென்சிலைச் சுற்றுவது சுலபம் என்று நினைத்துப் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஷார்ப்னர். டேப் சுற்றிய பென்சிலில் பசை பிளேடில் அப்பி இரண்டாவது சீவலிலேயே மழுங்கடிக்கும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள கிஃப்ட் பேப்பர் நாடா நாடாவாகக் கிழிந்து தொங்கும். தடித்த கைவினைத் தாளோ பிளேடுக்குள் நுழையாது. வழவழப்பில்லாத மெல்லிய தாள், ஜெராக்ஸ் தாளின் தடிமனுக்கு மேல் போகாதது, அதுதான் சரி. ஆறுபக்கப் பென்சிலின் சுற்றளவு சுமார் 24 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற 2 மி.மீ. சேர்த்து 26 மி.மீ. அகலம், 175 மி.மீ. நீளம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. தாளுக்கு நார் ஓடும் திசை இருக்கிறது. தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற பக்கம் எதுவோ, அந்த மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது. நார் பென்சிலின் நீளவாக்கில் இருக்கும்படி வெட்டினால் தாள் தானாகச் சுருண்டு ஒட்டும். மாற்றி வெட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் இணைப்பு பிளந்துகொள்ளும். இணைப்பு பென்சிலின் தட்டைப் பக்கத்தில் விழட்டும். இரண்டு பக்கங்கள் சேரும் விளிம்பில் விழுந்தால் விரல் பட்டே உரிந்துவிடும். பசையைத் தாள் முழுக்கத் தடவி, பென்சிலைத் தட்டையான பலகையில் உருட்டுங்கள். பத்துப் பென்சில் கட்டு கொடுக்கிறீர்கள் என்றால் பதினொன்று செய்து, ஒன்றைக் கட்டாயம் சீவிப் பாருங்கள்.

நோட்டின் அட்டையில் துணியை நேராக ஒட்டினால் மெல்லிய அட்டை அப்பளமாகச் சுருளும். கழற்றி மாட்டுகிற உறையாகத் தைத்துக் கொடுப்பது நல்லது. நோட்டு தீர்ந்ததும் அதே உறை அடுத்த நோட்டுக்கு. ஏ5 நோட்டுக்கு அகலம் இப்படி: இரண்டு அட்டை 29.6, முதுகு 1, உள்மடிப்பு இரு பக்கமும் 7 வீதம் 14, கூட்டினால் 44.6, 45 செ.மீ. வெட்டலாம். இந்த நீளத்தில் குறுகிய இரண்டு ஓரமும் சேலைக் கரையாகவோ துணியின் சொந்த ஓரமாகவோ இருந்தால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. வெட்டிய ஓரம் என்றால் பக்கத்துக்கு 1 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் 21-க்கு மேலும் கீழும் தையலுக்கு 1.5 வீதம் சேர்த்து 24, தளர்வுக்கு அரை செ.மீ.

நோட்டை மூடிவைத்துத்தான் அளக்க வேண்டும். திறந்து வைத்து அளந்தால் முதுகின் சுற்று கணக்கில் வராது. உறையை மாட்டியபின் நோட்டு மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும். ஜரிகைக் கரையைப் பக்கம் புரட்டுகிற ஓரத்தில் வைக்காமல் முதுகை ஒட்டி நெடுக்காக வையுங்கள். கை அதிகம் படுகிற ஓரத்தில் ஜரிகை சீக்கிரம் பிரியும்.

பேனாவுக்குப் பட்டு நூல் சுற்றுவது வளையல் செய்கிற கைகளுக்கு நன்றாக வரும். விரல் பிடிக்கும் 4 செ.மீ. இடத்தையும் மூடி ஏறுகிற இடத்தையும் விட்டுவிட்டு மேல்பாதியில் மட்டும் சுற்றுங்கள். ரீஃபிலுக்காகத் திருகிக் கழற்றும் இடத்தின் மேல் நூல் போகவே கூடாது.

கட்டிக் கொடுக்கும் போது

இவற்றுக்கு மஞ்சப்பையைவிடப் பொருத்தமான உறை வேறில்லை. ஒரு பேட், நாலு கிளிப், பென்சில் கட்டு, எல்லாம் அதற்குள் அடங்கும். பையும் பரிசில் சேர்த்தி. பிளாஸ்டிக் கவரை ஒதுக்குவதற்கு அழகைத் தவிர வேறு காரணமும் உண்டு. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் துணியில் பூஞ்சை பிடிக்கும், ஸ்ப்ரே வாடையும் அடைந்து நிற்கும். வேலை முடித்தபின் மூன்று நாள் காற்றோட்டமான நிழலில் வைத்து, பிறகு பைக்குள் வையுங்கள்.

கோலம் போட்ட பேட்டை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். அக்ரிலிக் பூச்சு தொடுவதற்குக் காய்ந்தது போல இருந்தாலும் வெயில் நேரத்துச் சூட்டில் இளகி எதிரே இருப்பதைக் கவ்விக்கொள்ளும். பிரித்தால் கோலத்தின் பாதி அடுத்த பேட்டின் முதுகோடு போய்விடும். இடையில் பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள், கிளிப்புக்கு அடியிலும் ஒரு துண்டு.